பட்டியலில் இல்லாத வீடு: செல்லூர் வெள்ளத்துக்குப் பிறகு ஓர் இளைஞர் பணி நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. மதுரையில் அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை பெய்தது. அதில் 4.5 செ.மீ. பிற்பகல் மூன்று மணியை ஒட்டிக் கால் மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. வைகையின் வடகரையில் செல்லூர், நரிமேடு, பீ.பீ.குளம், முல்லை நகர், கட்டபொம்மன் நகர் என்று வரிசையாகத் தெருக்களில் தண்ணீர் ஏறியது. அந்தப் பக்கத்துக் கண்மாய்களின் உபரி நீர், மழைநீர், வீட்டுச் சாக்கடை எல்லாம் பெரும்பாலும் வைகைக்குப் போவது பந்தல்குடி கால்வாய் வழியாகத்தான். கால்வாய் நிரம்பினால் ஓரத்துத் தெருக்களில் வீட்டுக்குள் வருவது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. கறுப்பாக, நாற்றத்தோடு வரும்.

அப்படிப்பட்ட ஒரு தெருவில் எங்கள் மாலைநேரப் படிப்பு மையம் இருக்கிறது. ஒரு மாடி அறை, இரண்டு கேரம் போர்டு, ஒரு கரும்பலகை. நாற்பது பிள்ளைகள் வருவார்கள். செல்லூர் என்றால் கபடி. எங்களிடமும் ஒரு கபடி அணி உண்டு. அந்த அணிப் பையன்கள்தான் வெள்ளத்தின்போது மையத்தின் தொண்டர்களாக ஆனார்கள்.

இந்த ஆய்வு அவர்களில் ஒருவனைப் பற்றியது. அப்போது அவனுக்கு 17 வயது, பிளஸ் டூ. அணியில் எல்லாருக்கும் பெரியவன் என்பதால் மற்றவர்கள் அவனை ‘மூத்தவன்’ என்பார்கள், நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன். அப்பா மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார். அம்மா வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை போட்டிருந்தார். தங்கை எட்டாம் வகுப்பு. கால்வாயிலிருந்து நான்காவது வீடு, தரைத்தளம், வாடகை. யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்திடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுகிறேன்.

முதல் ஐந்து நாட்கள்

வெள்ளி சாயங்காலம் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். மூத்தவன் முதலில் செய்தது ஒவ்வொரு வீடாகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தது. அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அப்புறம் வயதானவர்களை மாடிவீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படி அவன் முதுகில் ஏறிப் போன ஒரு அப்பத்தா மேலே போய் உட்கார்ந்ததும், “வந்திக் கிழவிக்கு மண்ணு சுமக்க சொக்கநாதரே கூலியாளா வந்தாரு. எனக்கு நீ வந்தடா பேராண்டி” என்றார். வைகை பெருகினால் மதுரையில் யாராவது அந்தப் பிட்டுக்கு மண் சுமந்த கதையை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். அந்த வாக்கியம் தெரு முழுக்கப் பரவியது. நாங்களும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னோம்.

சனிக்கிழமை முதல் உதவிப் பொருட்கள் வந்தன. சாப்பாட்டுப் பொட்டலம், பிரெட், பாய், போர்வை. அடுத்த வியாழன் தீபாவளி, அதனால் நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து ஆட்கள் மனம் உவந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். இரவு பதினொரு மணிக்கும் வண்டி வரும். எந்த வீட்டுக்கு என்ன தேவை என்ற பட்டியலை எழுதும் பொறுப்பை மூத்தவனிடம் கொடுத்தோம். தெருவில் அவனுக்குத் தெரியாத வீடு கிடையாது, கையெழுத்தும் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் அது சரியான முடிவாகவே தெரிந்தது.

ஒரு தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் பையன்கள் ரப்பர் செருப்போடு சேற்றில் இறங்கி வீடுகளைக் கழுவினார்கள். நாங்கள் தடுக்கவில்லை, சந்தோஷப்பட்டோம். ஒருவனுக்குக் காலில் தகரம் கிழித்து டி.டி. ஊசி போட வேண்டியதாயிற்று. மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா எங்களைத்தான் கண்டித்தார். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட எலிக்காய்ச்சலைக் கொடுக்கும் என்றார். அன்று முதல் 18 வயதுக்குக் கீழே உள்ள யாரும் சேறு அள்ளக் கூடாது, பெரியவர்களும் பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது என்று வைத்தோம். இதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

பார்த்தோம், தப்பாகப் படித்தோம்

பின்னால் உட்கார்ந்து நாள்வாரியாக எழுதிப் பார்த்தபோதுதான், மூத்தவனிடம் எல்லா அறிகுறியும் எங்கள் கண்முன்னேயே இருந்தது தெரிந்தது.

ஐந்து நாளும் அவன் ஒரே கபடி ஜெர்சியைத்தான் போட்டிருந்தான். அணியின் மேல் பிரியம் என்று நினைத்தோம். அவனுடைய மற்ற துணிகளெல்லாம் கால்வாய்த் தண்ணீரில் ஊறிக் கிடந்தன என்று கேட்கத் தோன்றவில்லை.

இரவில் மையத்திலேயே படுத்தான். “பொருளுக்குக் காவல் வேணும்ல அண்ணே” என்றான். பொறுப்பான பையன் என்று மெச்சினோம். அவன் வீட்டில் நான்கு பேர் படுக்கக் காய்ந்த தரை இல்லை.

சாப்பாடு கொடுத்து முடிந்த பிறகு, மிச்சமிருந்தால் சாப்பிடுவான். தியாகம் என்றோம்.

ஐந்தாவது நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு பாய்க்காகச் சண்டை வந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் வீட்டுக்கு இன்னொரு பாய் கேட்டான். மூத்தவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். எல்லார் முன்னாலும் நான்தான் அவனைத் திட்டினேன். “நீயே இப்படிப் பண்ணினா மத்தவன் எப்படி இருப்பான்?” என்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து அடுத்த வண்டியில் சுமை இறக்கினான். பக்குவம் என்று அதையும் எடுத்துக்கொண்டோம்.

பேரிடர்க் காலத்தில் மனதுக்கான முதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், இணை என்ற மூன்று சொல்லில் அதன் சாரத்தைச் சொல்லிவிடலாம். யாருக்கு என்ன தேவை என்று பார், வற்புறுத்தாமல் காதுகொடு, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. எங்கள் மையத்தில் மூன்று பேர் இதில் பயிற்சி எடுத்தவர்கள். வீடு வீடாகப் போய் இதை ஒழுங்காகவும் செய்தோம். உதவி செய்கிறவர்களின் நலத்தையும் பார்க்க வேண்டும் என்று அதே பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதி பெரியவர்களான எங்களுக்கு என்று நினைத்துவிட்டோம். பையன்களைக் கையாக எண்ணினோம். எத்தனை கை இருக்கிறது, எத்தனை கை வேண்டும், இதுதான் எங்கள் பேச்சு.

பெண் பிள்ளைகள் எழுதிய நோட்டு

தொண்டர்கள் எல்லாரும் பையன்களே என்பதை முதலில் கவனித்தவர் எங்களோடு வேலை செய்யும் அக்கா. பெண் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். எல்லாரும் அவரவர் வீட்டில் சேறு கழுவிக்கொண்டும், ஊறிய துணியைத் துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். யார் கண்ணிலும் படாத வேலை.

தீபாவளி முடிந்த மறுநாள், நவம்பர் 1, மையத்தைத் திறந்தோம். புத்தகம் இல்லாவிட்டாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். அது நல்ல முடிவு. பிள்ளைகளுக்கு வழக்கமான ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அன்று வந்த பெண் பிள்ளைகளில் மூன்று பேர், ஒருத்தி கல்லூரி முதலாண்டு, இரண்டு பேர் பள்ளி, தாங்களும் ஒரு பட்டியல் எடுக்கிறோம் என்றார்கள்.

எங்கள் பட்டியலில் இருந்த கேள்வி: வீட்டில் எத்தனை பேர், என்ன பொருள் வேண்டும். அவர்கள் கேட்டது வேறு. ராத்திரி எங்கே படுத்தீங்க? கக்கூஸுக்கு எங்கே போறீங்க? மாதவிடாய்த் துணி எங்கே காயப் போடுறீங்க? யாருக்குத் தினமும் மாத்திரை உண்டு? பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு என்னென்ன போச்சு? பள்ளி திறந்தும் போகாதவங்க யாரு?

கடைசிக் கேள்வியில் ஆறு பிள்ளைகளின் பெயர் வந்தது. மூத்தவன் அதில் ஒருவன். தகவல் சொன்னது அவன் தங்கை. அந்தப் பிள்ளைகள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் நோட்டில் அந்த வீடே இல்லை. மூன்றாவது வீடு இருந்தது, ஐந்தாவது வீடு இருந்தது. நான்காவது இல்லை. ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு அரிசிப் பை அங்கே போகவில்லை.

அன்று இரவு அவனைத் தனியாக மாடிப்படியில் உட்கார வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: “நான் எழுதுற லிஸ்ட்ல எங்க வீட்டையே எழுதினா நல்லாவா இருக்கும்ணே?”

எனக்குப் பதில் வரவில்லை. பாய்க்காக ஏன் அப்படிக் கோபப்பட்டான் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அணிப் பையன்கள் இருக்கும்போது, திட்டியது தப்பு என்று அவர்கள் முன்னாலும் சொன்னேன். எல்லார் முன்னால் திட்டியதற்கு மன்னிப்பையும் எல்லார் முன்னால் கேட்பதுதானே முறை.

வீட்டு நிலைமை

அடுத்த நாள் அக்காவும் நானும் வீட்டுக்குப் போனோம். இட்லிக்கடையின் உயிர் வெட் கிரைண்டர். அது இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்று மோட்டார் போய்விட்டது. அரிசியும் உளுந்தும் ஒரு மூட்டை நனைந்து புளித்துவிட்டன. கடை நின்றதால் தினவரும்படி நின்றது. வாடகைக்கும் சமையல் சாமானுக்கும் வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். அந்த வட்டியைக் கட்ட மூத்தவன் அப்பாவோடு மார்க்கெட்டுக்குச் சுமை தூக்கப் போக ஆரம்பித்திருந்தான். இரவு ஒரு மணிக்குப் போய்க் காலை ஏழு மணிக்கு வருவான். வந்து படுத்தால் பள்ளிக்கூடம் எங்கே போவது?

அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் லேமினேஷன் செய்தது. ஓரத்தில் பிரிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, எழுத்து கரைந்திருந்தது. அவன் அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். “இது போச்சுன்னா படிப்பே போச்சுல்ல தம்பி?” என்று என்னிடம் கேட்டார். அவன் பள்ளிக்குப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். சான்றிதழ் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி இரவு வேலை. 18 வயது நிரம்பாதவர்களை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டும் என்றார் எங்களில் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவனை வேலைக்கு அழைத்துப்போனது அப்பா. புகார் போனால் முதலில் விசாரிக்கப்படுவதும் அவர்தான், வட்டிக் கடன் அப்படியே நிற்கும். இரண்டு வாரம் எடுத்துக்கொள்வோம், அதற்குள் வருமானத்துக்கு வழி செய்து அவனை நிறுத்தப் பார்ப்போம், முடியாவிட்டால் 1098-க்குச் சொல்வோம் என்று முடிவெடுத்தோம். இதை அப்பாவிடமும் ஒளிக்காமல் சொன்னோம்.

இரண்டாவது, கிரைண்டர். புதிது வாங்கித் தரலாம் என்று ஒரு நன்கொடையாளர் முன்வந்தார், கொடுக்கும்போது அந்தப் பையனோடு போட்டோ வேண்டும் என்றார். வேண்டாம் என்றோம். பாய் வாங்க ஒதுக்கியிருந்த பணத்தில் மிச்சம் இருந்தது. மோட்டாரைக் கழற்றி காயில் கட்ட, அதாவது உள்ளே கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்ற, கொடுத்தோம். தெருவில் அப்போது பாய் போதுமான அளவு இருந்தது. வருமானம் தரும் பொருளைச் சரி செய்ய யாரிடமும் பணம் இல்லை. உதவிப் பொருளின் திசையை இங்கேதான் மாற்றினோம். பிறகு அதே போல ஒரு தையல் மிஷினும் ஒரு இஸ்திரி வண்டியும் சரிசெய்தோம்.

மூன்றாவது, சான்றிதழ். இதில் வரிசை முக்கியம் என்பது அலைந்த பிறகுதான் தெரிந்தது. மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண் சான்றிதழ் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் கிடைக்கும். டிஜிலாக்கருக்கு ஆதார் ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. வரும் எண் அப்பாவின் போனில், போனோ தண்ணீரில். ஆகவே முதல் வேலை அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம். அதற்குப் பிறகு டிஜிலாக்கர் பிரதி. அந்தப் பிரதியோடு தலைமையாசிரியரைப் பார்த்து, அவர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பம். இந்த வரிசை தெரியாமல் முதல் இரண்டு நாள் இ-சேவை மையத்தில் வீணாக நின்றோம். போனில் வந்த பிரதியை அவன் அம்மாவிடம் காட்டியபோது அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நான்காவது முடிவில்தான் அதிகம் விவாதித்தோம். அவனைத் தொண்டர் வேலையிலிருந்து நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அக்கா மறுத்தார். “எல்லாம் போனப்புறம் அவன்கிட்ட மிச்சமிருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் பிடுங்கினா என்ன ஆவான்?” என்றார். வேலையைக் குறைத்து வகையை மாற்றினோம். சுமை இறக்குவது கிடையாது, இரவு கிடையாது. பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கபடி சொல்லித்தர வேண்டும். மைதானச் சேறு காய மூன்று வாரம் ஆனது, அதுவரை மையத்தில் கேரம். அந்தக் கூட்டத்தில்தான் அக்கா இன்னொன்றும் சொன்னார்: வந்திக் கிழவி தன் கூலியாளுக்குப் பிட்டாவது கொடுத்தாள்.

அதன் பிறகு

நவம்பர் 14 அன்று இட்லிக்கடை திறந்தது. ஆனால் மூத்தவன் உடனே மார்க்கெட் வேலையை விடவில்லை. வட்டிக்காரரிடம் நாங்கள் பேசித் தவணையைத் தள்ளிவைத்த பிறகும், நாங்கள் வைத்த இரண்டு வாரக் கெடு தாண்டியும், வாரத்தில் இரண்டு இரவு போனான். 1098-க்குச் சொல்வோம் என்றவர்கள் சொல்லவில்லை. குறைந்துகொண்டு வருகிறதே என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். அது சரியா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒரே கருத்து இல்லை. டிசம்பர் நடுவில்தான் முழுதாக நிறுத்தினான். அரையாண்டில் இரண்டு பரீட்சை எழுதவில்லை.

தூக்கம் வர நாளானது. மேகம் கறுத்தால் வகுப்பிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போவான். பெரிய சம்பவத்துக்குப் பிறகு சில வாரம் இப்படி இருப்பது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் ஆலோசகரிடம் கூட்டிப்போவது என்று வைத்திருந்தோம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவனுக்கு மட்டும் என்றில்லாமல் மையத்தின் சுவரில் எல்லாருக்குமாக எழுதினோம். அவன் கூப்பிட்டானா என்று நாங்கள் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு தேறிவிட்டான் என்று அவன் அம்மா சொன்னார்.

2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினான். மே 8 அன்று முடிவு வந்தது. தேர்ச்சி, ஆனால் கணக்கில் மிகக் குறைவு. வெள்ளத்துக்கு முன்னால் அவன் வாங்கிக்கொண்டிருந்த மதிப்பெண்ணுக்கு இன்ஜினீயரிங் பேச்சுதான் வீட்டில் ஓடியது. இப்போது கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. கிரைண்டர் மோட்டாரை காயில் கட்டக் கொண்டுபோன கடையில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் இந்தப் படிப்பில் ஆசை வரக் காரணம் என்கிறான். சந்தோஷமாகத்தான் சொல்கிறான். இருந்தாலும் இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் முதல் நாளே அந்த நான்காவது வீட்டைப் பார்த்திருந்தால் அந்த இரண்டு மாதம் அவன் கையில் இருந்திருக்கும்.

மற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் டிசம்பருக்குள் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஒரு குடும்பம் திருமங்கலம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டது. அந்தப் பிள்ளை அங்கே பள்ளியில் சேர்ந்ததா என்று எங்களால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை.

இன்னொரு முறை வந்தால்

செல்லூர் கண்மாய்த் தண்ணீர் வைகைக்குத் தடையில்லாமல் போகச் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் என்று அந்த மழைக்குப் பிறகு அரசு அறிவித்தது. அது ஒரு பக்கம். எங்கள் பக்கம் மாற வேண்டியதை நாங்கள்தான் மாற்ற வேண்டும்.

தொண்டர் என்று பெயர் கொடுக்கும் பிள்ளையின் வீட்டை அன்றே வேறொருவர் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அந்த வீடு சரியாகும்வரை அந்தப் பிள்ளைக்கு வேலை கிடையாது. கேட்க இது கடுமையாக இருக்கும். பிள்ளைகள் எதிர்க்கவும் செய்வார்கள். ஆனால் வெள்ளம் வந்த தெருவில் தொண்டர் என்று தனியாக யாரும் இல்லை, எல்லாரும் நனைந்தவர்கள்தான் என்பதை மறந்ததால் வந்த வினையைப் பார்த்துவிட்டோம்.

தன் தெருப் பட்டியலைத் தானே எழுதும் வேலையை யாருக்கும் கொடுக்க மாட்டோம். எழுதுவது இரண்டு பேர், ஒருவர் அடுத்த தெரு, இருவரில் ஒருத்தி பெண். முதல் கேள்வி ராத்திரி எங்கே படுத்தீங்க என்பது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருட்டிய பிறகு வீட்டில் இருக்க வேண்டும், இருக்க வீடு இல்லையென்றால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாக. யாரையும் சாமியாக்கிப் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம். சொக்கநாதரே வந்தார் என்று நாலு பேர் சொன்ன பிறகு அந்தப் பையன் தனக்கு ஒரு பாய் வேண்டும் என்று எப்படிக் கேட்பான்?

2025 செப்டம்பரில், மழைக்காலத்துக்கு முன்னால், புது நோட்டுப் போட்டோம். முதல் பக்கத்தில் தொண்டர்களின் வீடுகள். மூத்தவன் ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்துத் தெருவை எழுதிக் கொடுத்தான். அவர்கள் வீட்டை அவன் எழுதவில்லை. கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் போய் எழுதினாள். நான்கு பேர், தரைத்தளம். சான்றிதழ்கள் மாடிவீட்டு அத்தையிடம் டப்பாவில். கிரைண்டர் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், செங்கல் கட்டி மேலே ஏற்றியிருக்கிறது.